சுழல்வதை எண்ணிய வரலாறு

ஓடும் நீரையும் நகரும் நிழலையும் அளக்கக் கற்றுக்கொண்ட மனித இனம், சுழலும் பொருளின் வேகத்தை அளப்பதற்கு நெடுங்காலம் தடுமாறியது. மாட்டு வண்டியின் சக்கரத்தை எண்ணுவது எளிது. ஆரக்கால் ஒன்றில் துணித்துண்டைக் கட்டிவிட்டால் சிறுவன்கூட எண்ணிவிடுவான். கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், சக்கரம் குறித்த அளவு சுழன்றதும் கூழாங்கல் ஒன்று கலத்தினுள் விழுமாறு அமைந்த வண்டியைத் தம் நூலில் விவரித்துள்ளார். அக்கருவி தொலைவை அளந்ததேயன்றி வேகத்தை அளக்கவில்லை. வேகம் அறிய வேண்டுமாயின் எண்ணிக்கையோடு காலமும் வேண்டும். கூழாங்கற்களுக்குக் காலம் தெரியாது.

எண்ணிக்கையையும் காலத்தையும் ஒன்றாக இணைத்துக் காட்டும் கருவியையே ஆங்கிலத்தில் டாக்கோமீட்டர் என்பர். வேகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நாம் சுழற்சிமானி என்போம். அதிலும் ஒரு சிறு வகையைப் பற்றியே இக்கட்டுரை பேசப் புகுகிறது. மாதிரி விமானம் பறக்கவிடுவோர் கையில் பிடித்துக்கொண்டு, தம் விமானத்தின் உந்துவிசிறி நிமிடத்திற்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்க்கும் சட்டைப்பைக் கருவியே அது.

விளையாட்டுப் பொருளுக்கு வரலாறு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். கணக்கைப் பார்த்தால் விளையாட்டு என்று சொல்லத் தோன்றாது. ஆறரை கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒரு சிறு எஞ்சின், பத்து அங்குல விசிறியை நிமிடத்திற்கு 12,000 சுற்று சுழற்றுவது இயல்பு. அதாவது வினாடிக்கு 200 சுற்று. அவ்வேளையில் விசிறியின் நுனி வினாடிக்கு ஏறத்தாழ 160 மீட்டர் விரைகிறது. ஒலியின் வேகத்தில் பாதிக்குச் சற்றே குறைவு. அவ்விசிறி உடைந்தால் துண்டுகள் எந்தத் திசையில் பாயும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகையால் விசிறி செய்வோர் உச்ச வரம்பு ஒன்றை விதித்திருக்கின்றனர். ஏ.பி.சி. என்னும் அமெரிக்க விசிறிகளுக்கு உரிய விதி எளிமையானது. எரிபொருள் எஞ்சினுக்கான விசிறியாயின் 1,90,000 என்னும் எண்ணை விசிறியின் அங்குல விட்டத்தால் வகுக்க வேண்டும். மெதுவாகப் பறக்கும் மின் விமானங்களுக்கான இலேசான விசிறியாயின் 65,000 என்னும் எண்ணை வகுக்க வேண்டும். இரண்டும் பத்து அங்குலமே ஆயினும், ஒன்று 19,000 சுற்று வரை தாங்கும்; மற்றொன்றுக்கு 6,500-தான் எல்லை. கையிலுள்ள மானி பொய் சொன்னால் அதன் விளைவு கண்ணையும் விரலையும் சாரும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே விசிறியைச் சுழற்றத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. மானி ஐந்து விழுக்காடு தவறினால், எஞ்சினின் திறனைப் பற்றி நாம் கொள்ளும் மதிப்பு ஏறத்தாழப் பதினாறு விழுக்காடு தவறிவிடும். ‘என் எஞ்சின் உன் எஞ்சினை விட வலிது’ என்று திடல்களில் எழும் வழக்குகள் பலவற்றிற்கு இரண்டு மானிகளின் பிணக்கே காரணமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

எனவே, எந்த மானியை நம்பி வாங்குவது என்ற வினா நியாயமானது. கடைக்காரர் விலையைக் காட்டி விடை சொல்வார். வரலாறு வேறு வகையில் விடை சொல்கிறது. அதனைச் சற்றே பின்னோக்கிச் சென்று காண்போம்.

சுழற்சிமானி பிறப்பதற்கு முன்பே விரைந்த அசைவை எண்ணத் துணிந்தது மனிதக் கண் அன்று, செவியே ஆகும். இலண்டனில் 1666-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் நாள், சாமுவேல் பீப்ஸ் என்பார் அறிவியலறிஞர் ராபர்ட் ஹூக்கைச் சந்தித்தார். பறக்கும் ஈ எழுப்பும் ஒலி எந்த இசைச் சுரத்தோடு ஒத்திருக்கிறது என்று கேட்டே, அது சிறகை எத்தனை முறை அடிக்கிறது என்று தம்மால் சொல்ல முடியும் என ஹூக் கூறியதைப் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இதன் நுட்பம் வியக்கத்தக்கது. எண்ண முடியாத ஒன்றை, முன்னரே எண்ணி வைக்கப்பட்ட வேறொன்றோடு ஒப்பிடுகிறார் ஹூக். ஜான் ஷோர் என்னும் ஆங்கில இசைக் கலைஞர் 1711-இல் இசைக்கவையை அமைத்த பின்னர், ஒப்பிடுவதற்கு நிலையான ஒலி ஒன்று கைக்குக் கிடைத்தது. பிரெஞ்சு நாட்டவரான காஞ்யார் டி லா டூர் 1819-இல் துளையிட்ட தட்டு ஒன்றைச் சுழலவிட்டு அதன் வழியே காற்றைச் செலுத்திச் ‘சைரன்’ என்னும் கருவியை ஆக்கினார். துளைகளின் எண்ணிக்கையைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் எழும் ஒலியின் அதிர்வெண் கிடைக்கும். சுழற்சியும் சுரமும் ஒரு பொருளின் இரு பெயர்கள் என்பதை இக்கருவி ஐயமின்றி நிறுவியது.

மாதிரி விமானக்காரர்கள் இம்முறையை அறிந்தோ அறியாமலோ நெடுங்காலம் கையாண்டு வந்தனர். இரு வீச்சு எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வெடிக்கிறது. ஆகவே 12,000 சுற்றில் அதன் அடிப்படை ஒலி 200 அதிர்வு. எஞ்சினின் எரிபொருள் ஊசியைத் திருகி உச்ச வேகத்தை அடைந்ததும், 300 சுற்று அளவுக்குக் கீழே இறக்கி வைப்பது நல்ல பழக்கம். இல்லையேல் எரிபொருள் வறண்டு எஞ்சின் சூடேறிக் கெடும். 12,000-இலிருந்து 11,700-க்கு இறங்குவது எவ்வளவு சிறிய மாற்றம்! நம் இசை நூலார் வகுக்கும் இருபத்திரண்டு சுருதிகளுள் மிகச் சிறிய இடைவெளியை 81-க்கு 80 என்ற விகிதமாகக் காட்டுவர். அதனை இரு முறை இறக்கினால் எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவே இந்த 300 சுற்று. தம்புரா மீட்டிப் பழகிய செவிக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படும். ஆனால் ஏறியதா இறங்கியதா என்று சொல்லும் அதே செவி, எந்த எண்ணில் நிற்கிறது என்று சொல்லத் திணறும். ஒப்பிட இன்னொரு சுரம் அருகில் வேண்டும்.

நீராவி இயந்திரங்களின் காலத்தில்தான் உண்மையான சுழற்சிமானி தோன்றியது. ஜேம்ஸ் வாட் 1788-இல் தம் இயந்திரத்திற்குப் பொருத்திய இரு குண்டுக் கவர்னரைப் பாடநூல்கள் மறவாமல் கூறும். சுழலச் சுழல குண்டுகள் வெளிநோக்கி விரிந்து நீராவியை மட்டுப்படுத்தும். கவர்னர் வேகத்தைக் காத்தது. எவ்வளவு வேகம் என்று சொல்லவில்லை. அதனைச் சொல்ல முன்வந்தவர் பிரையன் டொங்கின் என்னும் ஆங்கிலப் பொறியாளர். தொடர்ச்சியான தாள் செய்யும் பொறியை உருவாக்கிப் புகழ் பெற்றவரும் இவரே. அவர் அமைத்த சுழற்சிமானிக்கு இலண்டன் கலைக் கழகம் 1810-இல் பொற்பதக்கம் அளித்தது.

டொங்கினின் கருவியைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறலாம். வகுப்பறையில் செய்து காட்டத் தக்க அழகு அதற்கு உண்டு. ஒரு கிண்ணத்தில் பாதரசம். கிண்ணம் இயந்திரத்தோடு இணைந்து சுழலும். சுழன்றால் பாதரசம் விளிம்பில் ஏறி நடுவில் குழியும். நடுவே நிற்கும் கண்ணாடிக் குழாயில் நிறமூட்டிய சாராயம். பாதரசம் குழியக் குழியச் சாராயத்தின் மட்டமும் இறங்கும். இறங்கிய அளவே வேகத்தைக் காட்டும் குறி. குழிவின் ஆழம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. அந்த ஆழம் திரவத்தின் அடர்த்தியைச் சார்ந்ததன்று. புவியீர்ப்பையும் வேகத்தையும் கிண்ணத்தின் அளவையும் மட்டுமே சார்ந்தது. தேநீரைக் கரண்டியால் கலக்கினாலும் இதே குழிவைத்தான் காண்கிறோம். டொங்கினின் மானிக்குப் புவியீர்ப்பே சாட்சி. அச்சாட்சிக்கு முதுமை இல்லை.

ஆனால் சுழலும் பாதரசக் கிண்ணத்தை யார் கையில் ஏந்துவது? ஜெர்மானியரான டீட்ரிக் ஊல்ஹோர்ன் 1817-இல் மையவிலக்கு விசையால் முள்ளை நகர்த்தும் மானியை அமைத்தார். பின்னர் இரயில் எஞ்சின்களிலும் இவ்வகை ஏறியது. ஓட்டோ ஷூல்ட்சே என்பார் 1902-இல் காப்புரிமை பெற்ற முறையில், சுழலும் காந்தம் ஓர் உலோகக் கிண்ணத்தைத் தொடாமலே இழுத்து முள்ளைத் திருப்பும். மோட்டார் வாகனங்களின் வேகமானிகளில் பெரும்பாலானவை நெடுங்காலம் இம்முறையிலேயே இயங்கின. இவற்றில் எல்லாம் வசதி கூடியது, சாட்சியோ தளர்ந்தது. மையவிலக்கு மானியில் வில்லின் விறைப்பும், காந்த மானியில் காந்தத்தின் வலிமையும் சாட்சி. வில் தளரும், காந்தம் வயதேற ஏற மெலியும். அம்மானி பொய்யை மெல்ல மெல்லச் சொல்லத் தொடங்குவதால் உடையவருக்குத் தெரிவதில்லை.

ஆலைகளிலும் கப்பல் இயந்திர அறைகளிலும் பயன்பட்ட கைமானிகள் இவ்வினத்தைச் சேர்ந்தவை. ரப்பர் முனையைச் சுழலும் தண்டின் நடுவில் அழுத்திப் பிடித்தால் முள் வேகத்தைக் காட்டும். பெரிய இயந்திரத்திற்கு இது பொருந்தும். சிறு எஞ்சினுக்குப் பொருந்தாது. அளக்கும் கருவியே எஞ்சினின் ஆற்றலில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டு, எஞ்சிய வேகத்தை நமக்குக் காட்டும். கை வேறு விசிறியை நெருங்கியாக வேண்டும்.

மாதிரி எஞ்சின்கள் பரவியதும் இக்குறை பெரிதாயிற்று. அமெரிக்காவில் 1930-களில் பில் பிரவுன் உருவாக்கிய பத்து கன சென்டிமீட்டர் அளவிலான பெட்ரோல் எஞ்சின் விற்பனைக்கு வந்தது. ரே ஆர்டன் 1947-இல் குளோ பிளக் என்னும் கனல் முளையைச் சந்தைக்குக் கொணர்ந்தார். மின்பொறிக்கான சுருளும் மின்கலமும் விமானத்திலிருந்து நீங்கின, எஞ்சின் இலேசாயிற்று, வேகம் ஏறியது. பிற்காலப் பந்தய எஞ்சின்கள் 30,000 சுற்றையும் தாண்டின. தொடாமல் அளக்கும் வழி இன்றியமையாததாயிற்று.

முதலில் கைகொடுத்தது ஓர் எளிய கம்பி. சட்டைப்பையில் அடங்கும் ஒரு கூட்டிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பியை நீட்டிக் கூட்டை எஞ்சின் மீது வைத்தால், குறிப்பிட்ட நீளத்தில் கம்பி திடீரென அகல விரிந்து அதிரும். கம்பியின் இயல்பு அதிர்வும் எஞ்சினின் அதிர்வும் அந்த நீளத்தில் ஒன்றாகின்றன. நீளம் இருமடங்கானால் இயல்பு அதிர்வு கால் பங்காகும். ஆகவே நீளத்தின் அருகிலேயே சுற்றுகளைப் பொறித்துவிடலாம். மின்கலம் வேண்டாம், விளக்கு வேண்டாம். ஹூக்கின் செவி இங்கே எஃகாக உருமாறி வந்தது என்னலாம். கம்பி வளையாமலும் துருவேறாமலும் இருக்கும் வரை அதன் சொல் மாறாது. இன்றும் இது எங்கேனும் கிடைத்தால் பழம்பொருள் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

அடுத்து வந்தது ஒளி. பெல்ஜியரான ஜோசப் பிளாட்டோவும் ஆஸ்திரியரான சைமன் ஸ்டாம்ஃபரும் 1832-இல், ஒருவரையொருவர் சாராமல், பிளவுகள் கொண்ட சுழல் தட்டின் வழியே அசைவைக் காணும் கருவிகளை அமைத்தனர். ஸ்ட்ரோபோஸ்கோப் என்ற பெயர் ஸ்டாம்ஃபர் இட்டது. நூறாண்டு கழித்து, அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தில் ஹெரால்ட் எட்ஜர்டன் 1931 அளவில் அதனை மின்னொளித் துடிப்பால் இயங்கும் கருவியாக வளர்த்தார். ஒளி துடிக்கும் வேகமும் சுழலும் வேகமும் ஒன்றானால் சுழலும் பொருள் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும்.

தோற்றம் அழகியது, ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. ஒளி பாதி வேகத்தில் துடித்தாலும் விசிறி நின்றே தோன்றும். மூன்றில் ஒரு பங்கிலும் அவ்வாறே. இரு இறக்கைகளும் ஒன்றுபோலிருந்தால் இருமடங்கு வேகத்திலும் நின்று தோன்றும். ஆதலின் ஓர் இறக்கையில் வெள்ளைக் குறி இட்டு, மேல் வேகத்திலிருந்து கீழ்நோக்கி வந்து, குறி ஒற்றையாகத் தெரியும் முதல் இடத்திலேயே நிறுத்த வேண்டும். இதனை அறியாதவர் கையில் மிகத் துல்லியமான ஸ்ட்ரோபோஸ்கோப்பும் 12,000 சுற்றை 6,000 என்று காட்டும். நின்றதுபோல் தோன்றும் விசிறியை நோக்கி ஒரு மாணவன் விரலை நீட்டிவிடக்கூடும் என்பதையும் ஆசிரியர் மறக்கலாகாது.

இன்று கடைகளில் கிடைக்கும் சிறு மின்னணு மானிகள் 1970-களில் பரவத் தொடங்கியவற்றின் வழித்தோன்றல்கள். அக்காலத்தில் அமெரிக்க ஹீத்கிட் நிறுவனம் உறுப்புகளாக விற்று, வாங்குவோரே பற்றவைத்துக்கொள்ளுமாறு செய்த ‘தம்ப் டாக்’ என்னும் மானி பலர் நினைவில் இருக்கும். விசிறிக்குப் பின்னால் வானம் ஒளிர்கிறது. ஒவ்வோர் இறக்கையும் அவ்வொளியை ஒரு கணம் மறைக்கிறது. மானியின் ஒளியுணர்வி ஒவ்வொரு மறைப்பையும் ஒரு துடிப்பாக்குகிறது. முள் வைத்த மானிகள் அத்துடிப்புகளை மின்னழுத்தமாக மாற்றிக் காட்டின. எண்களில் காட்டும் பிற்கால மானிகள், குவார்ட்ஸ் படிகத்தைக் கடிகாரமாகக் கொண்டு துடிப்புகளை நேராகவே எண்ணின. எண்ணிக்கையும் காலமும் சிறு பெட்டிக்குள் இணைந்துவிட்டன. படிகக் கடிகாரம் பிழைபடுவது அரிது.

அப்படியாயின் பிழை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம்மிடமிருந்தே வருகிறது. மானி இறக்கைகளைத்தான் எண்ணுகிறது, சுற்றுகளை அன்று. இரண்டு இறக்கைக்கு அமைத்த மானியை மூன்று இறக்கை விசிறிமுன் நீட்டினால் ஒன்றரை மடங்கு கூட்டிச் சொல்லும். எங்கள் பள்ளி அறிவியல் கழகத்தில் இதைக் காட்டுவதற்கு மேசை மின்விசிறியே போதுமானதாயிற்று. மூன்று இறக்கை அமைப்பில் 1,200 என்றது, இரண்டு இறக்கை அமைப்பில் 1,800 என்றது. பத்து வயது மாணவர் இரு எண்களின் விகிதத்திலிருந்தே காரணத்தைக் கண்டுபிடித்தனர்.

எளிய மானிகள் பல நூறு நூறாகவே காட்டுவதற்கும் காரணம் உண்டு. இரண்டு இறக்கை விசிறியின் துடிப்புகளைச் சரியாக 0.3 வினாடி எண்ணினால், கிடைக்கும் எண்ணை நூறால் பெருக்கியதே நிமிடச் சுற்று. 12,000 சுற்றில் வினாடிக்கு 400 துடிப்பு, 0.3 வினாடியில் 120. கணக்கு எளிமையானதால் கருவியும் மலிவாயிற்று. ஊசியைத் திருகி 300 சுற்று இறக்க வேண்டியவருக்கு நூறு என்னும் படி பெரிதுதான். இயலுமாயின் பத்துப் பத்தாகக் காட்டும் மானியையே தேர்க. இலக்கங்கள் மிகுதியாகத் தெரிவதாலேயே மானி உண்மை சொல்கிறது என்று எண்ணிவிடவும் கூடாது. ஓர் எஞ்சினை ஒரே நிலையில் ஓடவிட்டு ஐந்து முறை அளந்தால் ஐந்தும் நெருங்கி நிற்கின்றனவா என்று பார்ப்பது முதல் சோதனை. தாழ்ந்த மின்கலத்தில் மானி தடுமாறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். விசிறியின் முன்னிலும் பக்கத்திலும் நிற்காமல், பின்புறமிருந்தே அளக்கும் அளவுக்கு அதன் உணர்வி எட்ட வேண்டும். எனக்குக் கேட்டால் இந்தக் கடைசித் தகுதியையே முதலில் வைப்பேன்.

ஐந்து முறையும் ஒரே பொய்யைச் சொல்லும் மானியை எவ்வாறு கண்டுபிடிப்பது? அதற்கு மானிக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும். அச்சாட்சி நம் கூரையிலேயே தொங்கிற்று. மாறுதிசை மின்சாரத்தில் எரியும் பழைய வகைக் குழல் விளக்கு, ஒவ்வோர் அலைக்கும் இரு முறை ஒளிர்ந்து மங்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரத்தின் அதிர்வெண் 50. ஆகவே விளக்கு வினாடிக்கு நூறு முறை துடிக்கிறது. மானியை அதன்முன் நீட்டினால் இரண்டு இறக்கை அமைப்பில் 3,000, மூன்றில் 2,000, நான்கில் 1,500 என்று காட்ட வேண்டும். நாட்டின் மின்நிலையங்கள் அனைத்தும் சேர்ந்து காக்கும் அளவுகோல் அது. ஓர் எஞ்சினைச் சோதிப்பதற்கு அதன் நேர்மை போதும். இதே காரணத்தால், அவ்விளக்கின் அடியில் விசிறியை அளக்கவும் கூடாது. மானி விசிறியை விட்டுவிட்டு விளக்கை எண்ணிக்கொண்டிருக்கும். அளப்பதற்குப் பகலொளியே தக்கது.

இங்கே நம் வட்டாரத்தவர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் அச்சிட்ட கையேடுகளில் 3,600 வர வேண்டும் என்றிருக்கும். அங்கே அதிர்வெண் 60. அந்தக் கையேட்டை வைத்துக்கொண்டு இங்கே 3,000 வரக் கண்டு, நல்ல மானியைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. ஜப்பானின் நிலை இன்னும் விந்தையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்குப் பகுதி ஜெர்மானிய மின்னாக்கிகளையும் மேற்குப் பகுதி அமெரிக்க மின்னாக்கிகளையும் வாங்கியதால், டோக்கியோவில் அதிர்வெண் 50, ஒசாகாவில் 60. மாதிரி எஞ்சின்களுக்குப் பெயர்பெற்ற ஓ.எஸ். நிறுவனம் 1936-இல் தோன்றியது அந்த ஒசாகாவில்தான். ஒரே மானி, ஒரே நாடு. ஓர் ஊரில் 3,000, மற்றோர் ஊரில் 3,600, இரண்டும் உண்மை.

அண்மைக் காலத்தில் இச்சாட்சி நம் கூரைகளிலிருந்து இறங்கி வருகிறது. மின்னணுச் சோக்கு பொருத்திய குழல் விளக்குகள் வினாடிக்குப் பல ஆயிரம் முறை துடிக்கின்றன, எல்.இ.டி. விளக்குகளுள் பல துடிப்பே இல்லாதவை. அவற்றின்முன் மானி எதையும் காட்டாமற் போகலாம், பொருளற்ற எண்ணையும் காட்டலாம். பள்ளிகளில் விளக்கு மாற்றும் பணி நடக்கும்போது, பழைய சோக்கு வகை விளக்கு ஒன்றையோ, சுருள் இழைக் குமிழ் விளக்கு ஒன்றையோ அறிவியல் அறைக்கென எடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்ளலாம். இழை விளக்கின் துடிப்பு மெல்லியது; மானியைச் சற்று நெருக்கமாகப் பிடித்தால் பெரும்பாலும் எண்ணிவிடும்.